ஜன்னல்

இன்று காலை ஜன்னலைத் திறந்தபோது அந்தச் சொல்லிலேயே மனம் நின்றுவிட்டது. போர்த்துகீசியரின் 'ஜனெலா'தான் நம் ஜன்னல். அதன் வேர், வாசற்கதவைக் குறிக்கும் 'யானுவா' என்ற லத்தீன் சொல். அதாவது, ஜன்னல் என்றால் சின்னக் கதவு! வாசல்களின் ரோமானியத் தெய்வமான யானுஸும், அவர் பெயரால் வந்த ஜனவரியும் இதற்கு உறவு.

லத்தீனில் ஜன்னலுக்கு 'ஃபெனெஸ்த்ரா' என்றே சொல் இருந்தது. இத்தாலியில் அது 'ஃபினெஸ்த்ரா', பிரெஞ்சில் 'ஃபெனேத்ர்', ருமேனியாவில் 'ஃபெரெயாஸ்த்ரா'. போர்த்துகீசில் அது 'ஃப்ரெஸ்தா'வாகச் சுருங்கி, வெறும் கீறலை, இடுக்கைக் குறிக்கிறது.

என்னை உருக வைத்தது ஸ்பானியம். அங்கே ஜன்னல் 'வெந்தானா'. காற்றைக் குறிக்கும் 'வெந்துஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. படித்ததும் சிலப்பதிகாரத்தில் வரும் 'காலதர்' நினைவுக்கு வந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இரு மொழிகளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் இரண்டு ஊர்க்காரர்களும் சுவரில் ஒரு திறப்பைப் பார்த்து முதலில் நினைத்தது காற்றைத்தான்.

ஜன்னல் என்று சொல்வதில் எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் காலதர் என்ற சொல்லை என் பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.