மாமாவின் கைநாட்டு

2006இல் ஹட்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கைப் பற்றிப் பேசினேன். மட்டக்களப்புத் தமிழர் அவர். தமிழில் விசாரித்து, சிங்களத்தில் தட்டச்சுச் செய்த வாக்குமூலத்தில் அவரிடம் கைநாட்டு வாங்கினார்கள். அந்த ஒரு தாளை வைத்தே 1995இல் 50 ஆண்டு சிறை விதித்தார்கள்; மேன்முறையீட்டில் அது 35 ஆனது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டப்படி, வாக்குமூலம் வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்க வேண்டியவர் கைதிதான். நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. இலங்கையின் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

"இந்த நாட்டு நீதிக்குத் தமிழன் குரல் கேட்காது" என்று முழங்கினேன். கைதட்டல் அடங்க நேரமானது.

இரவு லயத்துக்குத் திரும்பினேன். மாமா இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தான் பேசுன மாப்ள. அன்னைக்குப் பொலிஸ்ல நீயும் பக்கத்துலதானே நின்ன?"

அந்தக் கூட்டத்துக்கு எட்டு வருடம் முந்திய கதை அது. கடைவீதியில் ஒருவன் அடித்து மாமாவின் கை முறிந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். அவர் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி நீட்டினார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். "வைங்க மாமா, பஸ் போயிரும்" என்றேன். விரலை வைத்தார்.

நீதிமன்றத்தில்தான் தெரிந்தது: படியில் வழுக்கி விழுந்ததாக அந்தத் தாளில் எழுதியிருந்தது. அவர் சாட்சியும் அவர் கைநாட்டும் ஒன்றையொன்று பொய்யாக்கின. அடித்தவன் விடுதலையானான்.

மேடையில் நான் சொன்னது பொய்யில்லை. சிங்கராசாவுக்கு நடந்தது அநீதிதான். ஆனால் அந்த அநீதி என் கண்ணெதிரே, ஒரு மேசையில், ஒரு பேனா நுனியில் நடந்தபோது நான் அவசரப்படுத்தினேன். மொழி தெரியாதவர் நீதிமன்றத்தில் அரசின் மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் இருக்கிறது. மாமாவின் வழக்கோ நீதிமன்றப் படி ஏறுமுன்பே தோற்றுவிட்டது.

மாமா அப்படிக் கேட்ட அந்த வருடமே சிங்கள எழுத்துப் படிக்கத் தொடங்கினேன். இன்றும் யாராவது பொலிஸுக்குத் துணைக்குக் கூப்பிட்டால் போகிறேன். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கிறேன். முடியாது என்றால், ஒவ்வொரு வரியையும் வாசித்துத் தமிழில் சொல்லி, "நீங்க சொன்னது இதுதானா?" என்று கேட்கிறேன். அவர் தலையசைக்கும்வரை பேனாவைக் கொடுப்பதில்லை. கடைசி பஸ் போனால் போகட்டும், நடந்து வருகிறோம்.