யாருடைய மின்சாரம்?

சிறுவன் ஒருவன் கேட்ட ஒரு கேள்வி என் நெஞ்சில் தைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், மதரஸா ஆசிரியர் ஒருவருக்குப் பொருந்தாது என்று பலரும் கருதக்கூடிய ஒரு பொழுதுபோக்கைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. துபாயிலிருந்து விடுமுறையில் வந்த என் மச்சான், தம் பிள்ளைக்காக வாங்கி வந்த ரிமோட் விமானம் ஒன்றை, பிள்ளைக்கு அதில் நாட்டமில்லாமற் போகவே என்னிடம் தந்துவிட்டுப் போனார். நுரைப் பலகையாலான உடல், நாலடி நீள இறக்கை, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. வரலாறு படித்துப் பட்டம் பெற்ற எனக்கு மின்சாரத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம், சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும் என்பது மட்டுமே. ஆயினும் வற்றிக் கிடந்த குளத்துப் பொட்டலில் அந்த விமானம் முதன்முதலாக எழும்பி, பனைமரங்களின் தலைக்கு மேலே ஒரு வட்டமிட்டுத் திரும்பியபோது, நாற்பது வயதைக் கடந்துவிட்டதை நான் மறந்தேன்.

அந்த மகிழ்ச்சி பத்து நிமிடம்தான் நீடிக்கும். விமானத்தின் வயிற்றிலிருக்கும் லித்தியம் பாலிமர் பேட்டரி அதற்குள் களைத்துவிடும். மீண்டும் ஒரு மணி நேரம் சார்ஜ் செய்ய வேண்டும். மதரஸா குளக்கரைக்கு அருகில். என் வீடோ ஊரின் மறுகோடியில். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் நடத்தும் வேளையிலேயே, வகுப்பறைச் சுவரிலிருந்த மின்சாரப் பிளக்கில் சார்ஜரைச் செருகிவைக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அதில் தவறேதும் இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஒருநாள் பத்து வயது மாணவன் ஒருவன் பாடத்தை ஒப்பித்துவிட்டு எழுந்தவன், சார்ஜரின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஹஜ்ரத், இது மதரஸா கரண்டுதானே?"

அவன் குறும்பாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். முந்தின வாரம், மதரஸாவின் சாக்குக்கட்டித் துண்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்றதற்காக அதே பையனை நான் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்திருந்தேன். பொதுச்சொத்து அமானிதம் என்றும், அதில் சிறிது பெரிது என்ற பேதமில்லை என்றும் நீண்ட நேரம் பேசியிருந்தேன். இப்போது அவன் கேள்விக்கு என்னால், "போய் உட்கார்ந்து ஓது" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அவனும் போய் உட்கார்ந்து ஓதினான். எனக்குத்தான் அதன் பிறகு பாடம் ஓடவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பேட்டரி 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் சுமார் 24 வாட் மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 30 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி. ஒரு யூனிட்டில் முப்பது தடவைக்கு மேல் சார்ஜ் செய்யலாம். நான் அதுவரை செய்தது பதினான்கு தடவை. அதாவது அரை யூனிட்கூட இல்லை. அந்தத் தொகையை எண்ணி நிம்மதியடைய மனம் விரும்பியது. ஆனால் சாக்குக்கட்டித் துண்டின் விலை என்ன என்று நான் அந்தப் பையனிடம் கேட்டேனா?

மறுநாள் முத்தவல்லியிடம் நடந்ததைச் சொல்லி, நூறு ரூபாயை நீட்டினேன். பெரியவர் சிரித்துவிட்டார். "இதுக்குப் போயா ஹஜ்ரத்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சின்றி ரசீது எழுதித் தந்தார். அந்த ரசீதை வகுப்பில் காட்டி, நான் செய்தது தவறு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அந்தப் பையனின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

"வீட்டில் சார்ஜ் செய்யுங்களேன், நூறு யூனிட் இலவசம்தானே" என்றாள் என் மனைவி. உண்மைதான். அப்படியே சில வாரம் செய்தேன். ஆனால் வேறொரு குறை தெரிந்தது. வீட்டிலிருந்து இரண்டு பேட்டரிகளை நிறைத்துக்கொண்டு போனால் இருமுறை பறக்கும். கரையில் நிற்கும் பிள்ளைகளோ ஐந்தாறு பேர். பெரும்பாலோர் அண்ணாந்து பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். குளத்தங்கரையில் மின்சாரமில்லை, வெயில் மட்டும் வேண்டிய மட்டும் இருந்தது.

கடைவீதியில் மின்சாமான் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் 50 வாட் சோலார் தகடு ஒன்று கேட்டேன். அதை நேராக விமானப் பேட்டரியில் மாட்டிவிடலாம் என்பது என் எண்ணம். அவர் பதறிப்போனார். பன்னிரண்டு வோல்ட் தகடு என்று சொன்னாலும், நல்ல வெயிலில் அதன் முனைகளில் இருபது வோல்ட்டுக்கு மேல் நிற்கும். விமானப் பேட்டரியிலுள்ள மூன்று அறைகளும் அறைக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. மீறினால் உப்பும், தீயும் பிடிக்கும். ஆகவே வெயிலைப் படிப்படியாக இறக்க வேண்டும். தகட்டிலிருந்து ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, அதிலிருந்து 12 வோல்ட், 18 ஆம்பியர் மணி கொண்ட ஈயப் பேட்டரி, அதிலிருந்து மூன்று அறைகளையும் சமமாக நிறைக்கும் சார்ஜர், கடைசியாகத்தான் விமானம்.

வாரநாட்களில் வீட்டு மொட்டைமாடியில் தகடு ஈயப் பேட்டரியை நிறைக்கும். ஞாயிறு மாலை அதை வண்டியில் வைத்துக் குளக்கரைக்குக் கொண்டு செல்வோம். அதன் கொள்ளளவு 216 வாட் மணி. பாதிக்கு மேல் இறக்கினால் ஈயப் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால் நூறு வாட் மணிதான் எங்களுக்குரியது. அதில் மூன்று தடவை சார்ஜ் செய்யலாம். வீட்டிலேயே அதே வெயிலால் நிறைத்துக் கொண்டுவரும் இரண்டையும் சேர்த்தால் ஒரு மாலையில் ஐந்து முறை பறக்கும். ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முறை.

"தகட்டை இறக்கையிலேயே ஒட்டிவிட்டால் இறங்காமலே பறக்குமே, ஹஜ்ரத்?" என்று இன்னொரு பிள்ளை கேட்டான். கண்ணாடி பதித்த எங்கள் தகட்டின் எடை நான்கு கிலோ; விமானமோ ஒரு கிலோகூட இல்லை. ஆனால் அவன் நினைத்ததை நினைத்தவர்கள் உண்டு. 1974 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வற்றிய ஏரி ஒன்றின் படுகையிலிருந்து 'சன்ரைஸ்' என்ற ஆளில்லா விமானம் வெயிலின் வலிமையால் பறந்தது. 32 அடி நீள இறக்கையில் 4096 சூரியக் கலங்கள். அதையும் தரையிலிருந்து வானொலி அலையால்தான் இயக்கினார்கள். ஆட்கள் ஏறிச் செல்லும் சூரிய விமானங்களுக்கெல்லாம் முன்னே பறந்தது, எங்களுடையதைப் போன்ற ஒரு மாதிரி விமானமே. 2022 ஆம் ஆண்டில் 'செஃபிர்' என்ற ஆளில்லாச் சூரிய விமானம் 64 நாட்கள் தரையிறங்காமல் பறந்தது. பகலில் சேமித்ததைக் கொண்டு இரவைக் கடப்பது அதன் வழி. இவற்றைச் சொன்னபோது பிள்ளைகள் பாடவேளையில்கூடக் காட்டாத அமைதியுடன் கேட்டார்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையிலிருந்து மேகம் இறங்கிச் சாரல் பிடிக்கும். 50 வாட் தகடு அப்போது பத்து வாட் தருவதே அரிது. காற்றும் விமானத்தைப் புரட்டிவிடும். அந்த வாரங்களில் நாங்கள் பறக்கவிடுவதில்லை. பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு, இருப்பது எவ்வளவோ அவ்வளவுதான் செலவு என்பது அவர்களுக்குப் பழகிப்போனது.

இதில் ஈடுபட விரும்பும் குடும்பத்தாருக்கு மூன்று செய்திகள். லித்தியம் பேட்டரியை ஆளில்லாத அறையில் சார்ஜ் செய்யாதீர்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்பதற்கு, 2021 ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளையொட்டி அரசு வெளியிட்டுள்ள வான்வெளி வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாக்குக்கட்டிப் பையனுக்கு இப்போது பதின்மூன்று வயது. எங்கள் நோட்டுப் புத்தகம் அவன் பொறுப்பு. எந்தத் தேதியில் எத்தனை தடவை சார்ஜ் செய்தோம், ஈயப் பேட்டரியில் எத்தனை வோல்ட் மிச்சம் என்பதெல்லாம் அவன் கையெழுத்தில் இருக்கின்றன. சென்ற ஞாயிறு கடைசியாகப் பறக்க வேண்டியது என் முறை. வோல்ட் மீட்டரைப் பார்த்தவன், "பாதிக்கு வந்துட்டு ஹஜ்ரத், இன்னைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லி சார்ஜரைக் கழற்றிவிட்டான். சின்னப் பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் விமானத்தின் இறக்கையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.