தோளுக்கு ஒரு தாங்கல்

மாளிகாவத்தைத் தொடர்மாடியில் மிளகாய்த்தூள் இடித்து விற்கும் ராத்தா ஒருவர் இருக்கிறார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலியிலிருந்து வந்தவர். வலது தோளில் ஷெல் பட்ட காயம்.

"இந்தத் தோளோடு எப்படி இடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வாப்பா வயல் காவலுக்குத் துவக்கு வச்சிருந்தவர், தங்கச்சி. அவருக்கும் தோள் நோவு. சாக்கை மடிச்சுத் தோளில வைப்பார், மருந்து குறைஞ்ச தோட்டா போடுவார், துவக்கை இறுக்கி அணைப்பார். தளர்த்திப் பிடிச்சாத்தான் கூட உதைக்கும் என்பார்."

அந்தப் பாடம்தான் ராத்தாவின் உரலடியிலும். அடியில் மடித்த சாக்கு, உலக்கையில் துணி சுற்றிய பிடி, ஒரு தடவைக்கு ஒரு சுண்டு மிளகாய், இடையிடையே ஓய்வு.

சகோதரிகளே, வலியைச் சொன்னால் பிழைப்புப் போய்விடும் என்று பலர் மறைக்கிறார்கள். மறைத்தால் தோளே போய்விடும். அடியைக் குறைப்பது சோம்பல் அல்ல. கை விறைத்தால், பிடித்த பொருள் நழுவினால் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அங்கே சிகிச்சை இலவசம். உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அதன் காந்தம் இரும்பை அசைத்துவிடக்கூடும்.

குடும்பத்தைச் சுமக்கும் தோளுக்கும் ஒரு தாங்கல் வேண்டும்.