கட்டடம் அதேதான், கேள்விதான் வேற

சிவில் முடிச்சா சைட், இல்லன்னா ஐடி. இந்த ரெண்டு வழியைத்தான் நமக்குச் சொல்றாங்க. மூணாவதா ஒண்ணு இருக்கு: கட்டடங்களுக்குக் கடன் கொடுக்கிற தொழில். அதுக்குள்ளேயே ஒரு தடவை வண்டி மாறி ஏறினவன் நான்.

எங்க வீடு சிட்லபாக்கம். ஒரு பக்கம் 1984-ல வந்த மெப்ஸ். கொஞ்சம் தள்ளிப் போனா பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோடு, வரிசையா கண்ணாடி ஆபீஸ்கள். காலேஜ் முடிச்சதும் ஒரு நிதி நிறுவனத்துல டெக்னிக்கல் ஆபீசரா சேர்ந்தேன். "அஞ்சாவது ஸ்லாப் போட்டாச்சு, அடுத்த தவணை கொடுங்க"ன்னு பில்டர் கேட்பார். நான் ஹெல்மெட் மாட்டிட்டுப் போய், நிஜமாவே போட்டிருக்காங்களான்னு பார்த்து ரிப்போர்ட் கொடுக்கணும்.

மூணு வருஷம் நல்லாத்தான் போச்சு. ஆனா ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்தது. கட்டி முடிச்ச அன்னைக்கு என் வேலை முடிஞ்சிடும். கட்டடம் சம்பாதிக்க ஆரம்பிக்கிறதே அதுக்கப்புறம்தான். அதைப் பார்க்கிறது எல்ஆர்டி டீம். அதாவது, வரப்போற வாடகையை நம்பிக் கொடுக்கிற கடன்.

அங்கே மாறக் கேட்டேன். "வாங்க, ஆனா அனலிஸ்டாத்தான் ஆரம்பிக்கணும்"னாங்க. சம்பளத்துல மாசம் ஒன்பதாயிரம் குறையும். மேல இருக்கப் போறவர் என்னைவிட ரெண்டு வயசு சின்னவர். வீட்டு லோன் ஈஎம்ஐ கட்டுறது நான். அம்மா ரெண்டு நாள் பேசவே இல்ல. அப்பா ஒரே கேள்வி கேட்டார்: "எத்தனை மாசம் தாங்கும்?" கணக்குப் போட்டேன். என் சேமிப்பு அந்தக் குறையை 18 மாசம் ஈடுகட்டும். மாறிட்டேன்.

முதல் மாசமே அடி. ஒரு ஆபீஸ் கட்டடம், ஒன்பது வருஷ லீஸ். மொத்த வாடகையையும் கூட்டி அழகா எக்செல் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் கேட்டது ஒரு வரிதான்: "லாக்-இன் பார்த்தீங்களா?" நம்ம ஊர் ஆபீஸ் லீஸ்ல பெரும்பாலும் ஓனர்தான் முழுக் காலத்துக்கும் கட்டுப்பட்டவர். வாடகைக்கு இருக்கிற கம்பெனி, லாக்-இன் முடிஞ்சா நோட்டீஸ் கொடுத்துட்டுக் கிளம்பலாம். அந்த லீஸ்ல லாக்-இன் பாக்கி 11 மாசம்தான்.

ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். சிரிச்சார். எங்க வீட்டுக் கீழ்க்கடையில இருந்த தையல்காரர் 2020 லாக்டவுன்ல காலி பண்ணினார். எட்டு மாசம் ஷட்டர் திறக்கல. "வாடகைன்னா ஆள் இருக்கிற வரைக்கும்தான்டா."

இன்னொரு கணக்கு பாருங்க. வருஷம் 1.2 கோடி நிகர வாடகை வர்ற கட்டடம். வாங்குறவருக்கு 8 சதவீதம் போதும்னா விலை 15 கோடி. 9 சதவீதம் வேணும்னா 13.33 கோடி. ஒரு செங்கல்கூட நகரல, 1.67 கோடி காணோம். இந்த லோடு நம்ம ஸ்ட்ரக்சர்ஸ் சிலபஸ்ல இல்ல.

அப்போ நாலு வருஷம் படிச்சது வீணா? நானும் அப்படித்தான் நினைச்சேன், ஒரு ஃபைல் வர்ற வரைக்கும். ஜெனரேட்டரும் மெயின் பேனலும் பேஸ்மெண்ட்ல. அரை கிலோமீட்டர்ல ஏரி. லீஸ்ல ஒரு ஷரத்து: கரண்ட் இல்லாம ஆபீஸ் நடத்த முடியலைன்னா அந்த நாட்களுக்கு வாடகை கிடையாது. டீம்ல யாரும் இந்த மூணையும் சேர்த்துப் பார்க்கல. சிட்லபாக்கம் ஏரிக்கரையில வளர்ந்தவனுக்கு அது உடனே கண்ணுல பட்டது. பேனலை மேல ஏத்தின பிறகுதான் கடன் கொடுத்தோம்.

இந்தத் துறை வளருது. செபி 2014-ல ரீட் விதிகளைக் கொண்டு வந்தது. 2019-ல எம்பஸி ரீட் முதல் ஆளா பங்குச் சந்தைக்கு வந்தது. 2024-ல அதே ரீட் எங்க ரேடியல் ரோட்டுல இருக்கிற ஸ்ப்ளெண்டிட் டெக்ஸோனை வாங்கிச்சு. அதாவது, வாடகைதான் இப்போ முதலீடு. லீஸும் படிக்கத் தெரிஞ்சு, டிராயிங்கும் படிக்கத் தெரிஞ்ச ஆள் தேவை.

மாறணும்னு தோணினா, முதல்ல ஒரு லீஸ் பத்திரத்தை முழுசா படிச்சுப் பாருங்க. தூக்கம் வரலைன்னா இது உங்க வேலை. அப்புறம் எங்க அப்பா கேட்ட கேள்வியை உங்களையே கேளுங்க.

பழைய சம்பளத்தைத் தொட எனக்கு 16 மாசம் ஆச்சு. சேமிப்புல ரெண்டு மாசக் காசு பாக்கி இருந்தது. அம்மா இப்போ பேசுறாங்க.