சரியாக 6.50-க்கு

நீண்ட பயணம் கிளம்புகிற எல்லோரும் அநேகமாக ஒரே தப்பைத்தான் செய்கிறோம். பார்க்கவேண்டிய இடங்களை முதலில் போட்டுவிட்டு, பார்க்கவேண்டிய மனுஷர்களைக் கடைசியில் தள்ளிவிடுகிறோம். ‘சொந்தக்காரங்கதானே... எங்கே போயிடப் போறாங்க!’ என்கிற தைரியம்.

2008-ல் நான் அமெரிக்கா போனபோதும் அப்படித்தான். செப்டம்பர் 12-ம் தேதி சான்ஃபிரான்சிஸ்கோவில் இறங்குவது; ரயிலும் பஸ்ஸுமாக மேற்கிலிருந்து கிழக்கே வருவது; கடைசி மூன்று நாள் நியூஜெர்ஸியில் அத்தை மகன் வீட்டில் தங்கி, அழுக்குத் துணியைத் துவைத்து, பெட்டியைக் கட்டி, தீபாவளிக்குள் சென்னைக்குத் திரும்பிவிடுவது. இதுதான் திட்டம்.

ஜூன் மாதமே லால்குடியிலிருந்து மகன் வீட்டுக்குப் போயிருந்த அத்தை, போனில் சொன்னாள்: “முதல்ல இங்க வாடா. நாலு நாள் நல்லா சாப்பிட்டுட்டு, அப்புறம் எங்க வேணா சுத்து.”

“டிக்கெட் போட்டாச்சே அத்தை!” என்றேன். போட்டிருக்கவில்லை.

சான்ஃபிரான்சிஸ்கோவில் நான் பாலம் பார்த்துக்கொண்டிருந்தபோது, செப்டம்பர் 15-ம் தேதி, லேமன் பிரதர்ஸ் திவாலானது. 1850-ல் ஆரம்பித்த கம்பெனி. மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் செய்தி. படித்தேன், ‘அடடா’ என்றேன், மழையில் நனைந்த ஷூவை அதே பேப்பரின் மேல் காயவைத்தேன். ஊர் பார்க்க வந்தவனுக்கு அந்த ஊர் செய்தி அவ்வளவுதான்.

பிறகு கலிஃபோர்னியா ஸெஃபைர் ரயில். எமரிவில்லில் காலையில் ஏறினால் இரண்டு ராத்திரி தாண்டி சிகாகோ. சுமார் 3,900 கிலோமீட்டர். நெவாடாவின் பொட்டல், ராக்கி மலைகள், மணிக்கணக்காக நம் கூடவே ஓடிவரும் கொலராடோ ஆறு. மேலே வளைந்து ஏறும் பெரிய ஜன்னல்கள் வைத்த பெட்டியில் உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு வந்தேன்.

சிகாகோவில் இருந்தபோது செப்டம்பர் 29. பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 777 புள்ளி சரிந்தது. ஒரு காபிக் கடையில் டி.வி-யை நிமிர்ந்து பார்த்தபடி இருபது முப்பது பேர் அசையாமல் நின்றிருந்தார்கள். அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

நயாகரா, வாஷிங்டன் எல்லாம் முடித்து நியூயார்க் வந்தபோது, வால் ஸ்ட்ரீட் பக்கம் நிற்கிற வெண்கலக் காளையையும் விடவில்லை. 1989-ல் ஆர்ட்டுரோ டி மோடிகா என்கிற சிற்பி, யாரிடமும் அனுமதி வாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன காளை. அதைத் தொட்டால் பணம் சேருமாம். கொம்பைப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்து ஒரு போட்டோ.

அக்டோபர் 16, வியாழக்கிழமை சாயங்காலம் மெட்ரோபார்க் ஸ்டேஷனில் இறங்கினேன். அத்தை மகன் டை கட்டிக்கொண்டு, காரோடு நின்றிருந்தான். என்னைவிட மூன்று வயது சின்னவன். ஒரு பெரிய பேங்குக்கு மென்பொருள் எழுதும் வேலை.

“நானும் தினமும் 6.50-க்குத்தான் வீட்டுக்கு வருவேன் மச்சான். சரியா வந்தே!” என்றான்.

வீட்டில் அத்தை வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், பருப்புத் துவையல் என்று காத்திருந்தாள். ஆறு வயதுப் பேத்தி, காலண்டரில் நான் வரும் தேதி வரை ஒவ்வொரு கட்டமாக அடித்து வைத்திருந்ததைக் காட்டியது. என் அறையில் ஒரு புது லேப்டாப், பெட்டி பிரிக்காமல். ‘சௌகரியப்பட்டால் வாங்கி வை’ என்று சிகாகோவிலிருந்து நான் மெயில் போட்டிருந்தேன். காசு எடுத்தேன். “உள்ளே வை மச்சான்” என்று கையை மடக்கிவிட்டான்.

கேமராவை டி.வி-யில் மாட்டி ஐந்து வாரப் பயணத்தையும் காட்டினேன். காளை வந்தபோது அவன் மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “போட்டோ நல்லா வந்திருக்கு” என்றான்.

மறுநாள் நான் எழுந்தபோது பத்து மணி. அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தான். அவன் மனைவி மருந்துக் கடை வேலைக்கும், குழந்தை ஸ்கூலுக்கும் போயாகிவிட்டது. அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கை எடுத்துக்கொண்டேன்.

“அவனுக்கு வேலை போயிடுச்சுடா” என்றாள் அத்தை. ‘சாம்பாருக்கு உப்பு குறைச்சல்’ என்று சொல்கிற அதே குரலில்.

“அவன் சொன்னானா?”

“சொல்வானா? பிரிட்ஜ்ல பாரு. ஒண்ணாந் தேதி ஆனா ரயில் பாஸ் புதுசு வந்து ஒட்டிக்கும். இந்த மாசம் வரலை. செப்டம்பர் பாஸ்தான் இன்னும் தொங்குது. மருமக சனிக்கிழமையும் வேலைக்குப் போறா. அதெல்லாம் விடு. ஜூன்லேர்ந்து பார்க்கிறேன். ஒரு நாள் ஏழு மணிக்கு வருவான், ஒரு நாள் ஏழரைக்கு வருவான். ரயில் லேட்டுனு திட்டிக்கிட்டே வருவான். இப்ப மூணு வாரமா சரியா 6.50-க்கு வர்றான். ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. எந்த ஊர்லடா ரயில் அப்படி ஓடும்?”

எனக்குப் பேச்சு வரவில்லை.

“எங்க போறேன்னு நீ கேட்கலையா அத்தை?”

“கேட்டுட்டேன்னா, நாளையிலேர்ந்து அவனுக்குப் போறதுக்கு இடம் இல்லாம போயிடுமேடா.”

வெங்காயக் கண்ணீர் எல்லாருக்கும் சௌகரியம். துடைத்துக்கொண்டு அத்தையே தொடர்ந்தாள். “எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். நீ ஊருக்குப் போனதும் லால்குடி மனை என்ன விலைக்குப் போகும்னு விசாரிச்சு வை. டிசம்பர்ல நான் வந்ததும் பார்த்துக்கலாம். இதையும் அவன்கிட்ட மூச்சு விடாதே.”

சத்தியம் செய்தேன்.

சனிக்கிழமை அவன் என்னை வெளியே அழைத்துப் போனான். அவன் ஊருக்குப் பேரே எடிசன். தாமஸ் ஆல்வா எடிசன் 1879-ல் மின்சார பல்பை எரியவைத்துக் காட்டிய மென்லோ பார்க் இங்கேதான் இருக்கிறது. அந்த ஞாபகமாக ஊருக்கு 1954-ல் அவர் பேரையே வைத்துவிட்டார்கள். பரிசோதனைக்கூடம் இருந்த இடத்தில் 1938-ல் திறந்த ஒரு கோபுரம். உச்சியில் ராட்சச கண்ணாடி பல்பு. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்.

“மூணு வாரமாச்சு மச்சான். எங்க டீம்ல பதினோரு பேரை ஒரே காலையில அனுப்பிட்டாங்க.”

“பகல்ல எங்கே இருக்கே?”

“லைப்ரரியில. என்னை மாதிரியே டை கட்டிக்கிட்டு இன்னும் ஏழெட்டு பேர் வர்றாங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்க மாட்டோம்.”

காபிக் கடை டி.வி-க்கு முன்னால் நின்ற அந்த முதுகுகள் எனக்கு ஞாபகம் வந்தன.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. டிசம்பர்ல ஊருக்குப் போற வரைக்கும் தெரியாம பார்த்துக்கிட்டா போதும். நீயும் உளறிடாதே.”

லேப்டாப்புக்கான பணத்தை மறுபடி எடுத்தேன். “வேண்டாம் மச்சான். நீ காசு கொடுத்தா, வேலை இல்லைங்கறது நிஜமாயிடும்” என்றான்.

அவனுக்கும் சத்தியம் செய்தேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையை என்னால் மறக்க முடியாது. அத்தை பரிமாறிக்கொண்டே, “ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியாடா? இளைச்சுட்டியே” என்றாள். “ஆமாம்மா, புது புராஜெக்ட்” என்றான் அவன். “நெய் ஊத்திக்கோ” என்றாள் அவள். மருமகள் குழந்தைக்கு ஊட்டுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். அவரவர் பொய்யை அவரவர் அடுத்தவருக்காகச் சுமந்துகொண்டு, நாலு பெரியவர்களும் ரசம் சாதம் சாப்பிட்டோம். ஐந்து வாரமாக ஜன்னல் வழியாகப் பார்த்த தேசத்துக்குள், நான் அன்றைக்குத்தான் நுழைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நியூவார்க்கில் விமானம். பெட்டிக்கு 23 கிலோ கணக்கு. எடை மெஷினில் வைத்து வைத்துப் பார்த்து, அத்தை கொடுத்த வடாமை அங்கும் இங்கும் மாற்றி அடைத்தோம். செக்யூரிட்டிக்குப் போகிற இடத்தில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசியிலயாவது வந்தியே” என்றாள். குத்திக் காட்டவில்லை. நிஜமான சந்தோஷத்தில்தான் சொன்னாள். அதுதான் வலித்தது. அவள் கூப்பிட்டபோதே போயிருந்தால், வேலையோடும் சிரிப்போடும் இருந்த அந்த வீட்டைப் பார்த்திருப்பேன். லேப்டாப் வாங்கச் சொல்லி மெயில் போட்டிருக்க மாட்டேன். காளைக் கொம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டியிருக்கவும் மாட்டேன்.

2009 மார்ச்சில் வேறு மாநிலத்தில், குறைந்த சம்பளத்தில், அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. அந்த வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் வேலையில்லாதவர்கள் 10 சதவிகிதம் என்று படித்தபோது, இவன் தப்பித்தது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று புரிந்தது. லால்குடிக்கு போன் செய்து, “வேலை மாத்திட்டேம்மா” என்றானாம். “நல்லதுடா” என்றாளாம் அத்தை.

மனை? அத்தை இரண்டு தடவை கேட்டாள். “சரியான விலை வரலை அத்தை” என்றே சொல்லிவந்தேன். விசாரிக்கவே இல்லை. அந்தப் பயணத்தில் நான் அத்தையிடம் சொன்ன பொய்கள் இரண்டு. டிக்கெட் போட்டாச்சு என்றது முதல் பொய். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். இரண்டாவதற்கு வெட்கமே இல்லை. மனை இன்றைக்கும் அத்தை பேரில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மனுஷர்கள், அப்புறம்தான் பாலமும் காளையும்.

அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது. போன வாரம் போனில், “இதையெல்லாம் எழுதட்டுமா அத்தை?” என்று கேட்டேன்.

“எழுதேன். இப்பத்தான் அவனுக்கு வேலை இருக்கே.”

“அவன் படிச்சுட்டான்னா?”

கொஞ்சம் யோசித்துவிட்டு அத்தை சொன்னாள்: “படிக்கட்டும்டா. ரயில்னா கொஞ்சம் லேட்டாத்தான் வரும்னு தெரிஞ்சுக்கட்டும்!”