மஞ்சப்பையில் எத்தனை மாத்திரை?



2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நம் புதுக்கோட்டை கிராமங்களிலும் பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். ஆனால் நம் பையில் அது மட்டுமா இருக்கிறது? சர்க்கரைக்கு, வாயுவுக்கு, மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியது என்று எத்தனையோ!

என் அக்காவுக்கு வயது 71. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் 170க்குக் கீழே இறங்கவில்லை. எல்லாவற்றையும் மஞ்சப்பையில் அள்ளிப்போய் டாக்டர் மேசையில் கொட்டினோம். அவர் புதிதாக எதுவும் எழுதவில்லை. முழங்கால் வலிக்குத் தினமும் போட்ட டைக்ளோஃபினாக்கை நிறுத்தச் சொன்னார். அடுத்த மாதம் 140.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். எனலாப்ரில், லோசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும். மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகளும், நாள்கணக்கில் சாப்பிடும் அதிமதுரமும் பிரஷரை ஏற்றும். அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் தரும். காரணம் தெரியாவிட்டால் வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை சேரும்.

நாமாக எதையும் நிறுத்த வேண்டாம். நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் காட்டி, "இதில் எது வேண்டும், எது வேண்டாம்?" என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இதைச் செய்து கொடுங்கள்.