ஆபீசர் பிள்ளையின் டி.பி. ஸ்டாம்ப்

பள்ளியில் காசநோய் நிதிக்காகப் பிள்ளை கையில் ஒரு தாள் டி.பி. ஸ்டாம்ப் கொடுத்து, விற்றுக் காசு கொண்டுவரச் சொல்வார்கள். அப்பா ஆபீசர் என்றால் தாள் மறுநாளே அலுவலகத்துக்கு வந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குள் விற்றும் தீர்ந்துவிடும். கூடவே ஒரு நோட்டு சுற்றும்: பெயர், தொகை. முதல் ஆள் நூறு என்று எழுதிவிட்டால் அடுத்தவர் இருபது எழுத முடியுமா? வாங்கியவர்களில் காசநோயை நினைத்தவர் எத்தனை பேர், தன் லீவு விண்ணப்பத்தை நினைத்தவர் எத்தனை பேர்!

அந்தமானில் இந்தச் சங்கடம் கூடுதல். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட போர்ட் பிளேரில் பல வீடுகளில் அடுப்பெரிவது அரசுச் சம்பளத்தில்தான். சின்ன ஊர், அலுவலகத்தில் நழுவினாலும் அபர்தீன் பஜாரில் மேலதிகாரி எதிரே வருவார். சென்னைக்குக் கப்பலேற லீவு தருபவரும் அவர்தான்.

விதி தெளிவாகவே இருக்கிறது. அந்தமான் நிர்வாக ஊழியர்களுக்கும் பொருந்தும் மத்தியக் குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகள், 1964-ல் 12-வது விதி, அரசின் முன் அனுமதியின்றி எந்த நோக்கத்துக்கும் நன்கொடை கேட்கக்கூடாது என்கிறது. கொடுப்பது குற்றமில்லை. கொடிநாள் வசூலில் விரும்பி ஈடுபடவும் தடையில்லை.

பிள்ளையின் ஸ்டாம்ப் தாளுக்கு அப்படி விலக்கு எதுவும் அந்த விதியில் எழுதப்படவில்லை. ஆகவே ஆபீசர்களே, பியூன் கையில் அந்தத் தாளைக் கொடுத்தனுப்பாதீர்கள். முழுத் தாளையும் நீங்களே வாங்கிவிடுங்கள்.